மிச்சம் பதினாறு அடி

ரிச்சி தெருவில் செத்த பிரிண்டர் ஒன்றை
நூற்றி எழுபதுக்குப் பேசி முடித்தேன்.
"இது ரிப்பேர் ஆவாது சார்" என்றார் மஸ்தான்.
"ஆக வேணாம் பாய், மோட்டார் போதும்."
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
காகிதம் தள்ளியே பழகிய மோட்டார்.
இனி ஒரு கேமராவைச் சுற்றவேண்டும்
தண்டையார்பேட்டை மொட்டைமாடியில்.

எனக்குப் பகலெல்லாம் மின்வாரிய வசூல் கவுண்டர்.
கண்ணாடியில் அரைவட்டமாய் ஓர் ஓட்டை.
அதன் வழியே கைகள் வரும்.
மருதாணிக் கை, கிரீஸ் கை,
செதில் காய்ந்து மினுங்கும் கை.
முகம் பார்க்கக் குனிந்தால் வரிசை கத்தும்.

மேடைக்குச் சப்பாத்திக் கட்டை.
உள்ளே ஸ்கேட்டிங் சக்கரத்தின் பேரிங்.
ஜெராக்ஸ் மெஷினிலிருந்து இரண்டு பல்சக்கரம்:
சின்னது ஐந்து சுற்றினால் பெரியது ஒன்று.
கிரில் பட்டறை வேலாயுதம் துளை போட்டுவிட்டு
"குண்டு கிண்டு இல்லியே?" என்றான்.
ஷட்டருக்கு ஒரு காது போன இயர்போன் ஒயர்.
லென்ஸ் பாரத்தில் முன்பக்கம் தொங்கியது,
பின்னால் திண்டுக்கல் பூட்டைக் கட்டினேன். நிமிர்ந்தது.

சுழல்வது கேமராவாக இருக்கக்கூடாது,
அதன் கண்மணியாக இருக்கவேண்டும்.
டிஷ் கம்பிக்கு நேர் பின்னால்
மணலிப் புகைபோக்கி ஒளிந்து நிற்கும்படி வைத்து
மெல்லத் திருப்பினால்
இரண்டும் விலகிப்போயின, பேச்சுவார்த்தை அற்ற சகலைகள் போல.
நாலு விரல் பின்னே, அரை விரல் முன்னே.
கொசு கடிக்கக் கடிக்க
ஏழாம் நாள் விலகாமல் நின்றன.

பிறகு கணக்கு.
ஒரு முழுச்சுற்றுக்கு மோட்டார் ஆயிரம் அடி வைக்கும்.
நான் இருபத்தி நாலு படம் என்று வைத்திருந்தேன்.
ஏன் இருபத்தி நாலு? தெரியாது. நல்ல எண்ணாகப் பட்டது.
படத்துக்கு நாற்பத்தியோரு அடி,
கடைசியில் பதினாறு அடி மிச்சம்.
ஒட்டவைக்க விளிம்பு போதாமல்
ஒரு செல்போன் டவர் நெடுக்காகப் பிளந்தது.
மூன்று இரவு ஒயரைச் சந்தேகித்தேன்,
பேட்டரியை, மஸ்தானைக்கூட.
நாலாம் நாள் கவுண்டரில் சில்லறை எண்ணும்போது
இருபத்தைந்து நாற்பது ஆயிரம் என்று
வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
வெளியே நின்ற கை திடுக்கிட்டுப் பின்வாங்கியது.

ஞாயிறு மாலை, ஐந்தே முக்கால்.
கொடுங்கையூர் குப்பைப் புகையில் தொடங்கி
மணலித் தீநாக்கு, கடல், துறைமுகக் கிரேன்கள்,
மறுபடி புகைக்கே.
டிர்ர்ர். நிற்கும். இரண்டு நொடி அசைவடங்கும். கிளிக்.
கூட்ஸ் வண்டி போனால்
கட்டடத்தோடு நானும் மூச்சைப் பிடித்தேன்.

கம்ப்யூட்டரில் ஒட்டிப் பார்த்தால்
வட்டம் மூடிவிட்டது.
ஆனால் மூன்றாம் மாடி ஜெசிந்தா நாலு பேராக இருந்தாள்.
துணி எடுக்க வந்தவள்
மோட்டாரின் நடைக்கே நடந்திருக்கிறாள்.
கொடியில் ஒருத்தி, தோளில் துணியோடு ஒருத்தி,
கிளிப் பொறுக்கக் குனிந்து ஒருத்தி.
கூப்பிட்டுக் காட்டினேன்.
"நாலு ஆளா? அப்பவும் வேலை முடியலையே" என்று சிரித்தாள்.
"மன்னிச்சுக்கோங்க, மூணு பேரை அழிச்சிடறேன்" என்றேன்.
அவள் கேட்கவில்லை.
பதின்மூன்றாவது படத்தில் விரல் வைத்திருந்தாள்.
கைப்பிடிச்சுவரில் முழங்கை ஊன்றி,
துணியெல்லாம் காலடியில் போட்டுவிட்டு,
கடலைப் பார்த்து ஒருத்தி.
"இது எப்போ?
நான் சும்மாவா நின்னேன்?"
கொஞ்ச நேரம் கழித்து,
"இதை மட்டும் பிரிண்ட் போட்டுக் குடு.
வீட்ல யார்னு கேட்டா
தெரியாதுன்னு சொல்லிக்கறேன்."

செவ்வாய்க்கிழமை ஓட்டையில் ஒரு கை.
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்,
சரியான சில்லறை, ஈரம் காயாத விரல்கள்.
குனிந்து பார்த்தேன்.
வரிசை கத்தியது.
அவள் இல்லை, வேறு யாரோ.
இருந்தும் இன்னும் கொஞ்ச நேரம்
பார்த்துக்கொண்டிருந்தேன்.